தோல் உரிந்த சுவர்கள்

“அப்பா, இதக் கட்டி முடிக்காம விட்டுட்டாங்களா?” என்று என் மகன் கேட்டான். இங்கிலாந்தின் கிழக்கே, சஃபோக் மாவட்டத்தில் உள்ள பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகரத்தில், ஒரு காலத்தில் பெனடிக்டின் என்ற கிறித்தவ சபைத் துறவிகளின் மடாலயமாக இருந்த இடத்தில், அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்துக்கு நின்ற ஒரு தூணின் அடியில் அப்போது நாங்கள் இருந்தோம். இடிபாடு என்று சொல்லித்தான் அவனைக் கூட்டி வந்திருந்தேன். அவன் கண்ணுக்கு அது இடிந்ததாகவே படவில்லை. தூண் என்று நான் சொல்வதும் ஒரு மரியாதைக்குத்தான். விளிம்போ வளைவோ செதுக்கு வேலையோ எதுவுமின்றி, முண்டும் முடிச்சுமான சிக்கிமுக்கிக் கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குழைத்து அப்பியது போன்ற ஒரு திரள் அது. புல்வெளியில் ஆங்காங்கே பெரிய கரையான் புற்றுகள் எழும்பியிருப்பது போலத்தான் அந்த இடம் முழுவதும் தெரிந்தது.

அன்று நான் சொன்ன பதில் அரைகுறையானது. பிறகு அந்த மடாலயத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டு, தனியாக இன்னொரு முறை போய் வந்தேன். அவன் கேள்வி எவ்வளவு சரியானது என்று அப்போதுதான் புரிந்தது. சஃபோக்கில் கட்டடத்துக்கு உகந்த நல்ல கல் கிடையாது. வயலை உழுதால் கிடைக்கும் சிக்கிமுக்கிக் கல் மட்டும் ஏராளம். அதைச் சதுரமாகச் செதுக்குவது எளிதன்று. ஆகவே பதினோராம் நூற்றாண்டுக் கொத்தனார்கள், தொலைவிலிருந்து வரவழைத்த வெளிர் நிறச் சுண்ணாம்புக்கல்லைச் சீராகச் செதுக்கி, சுவரின் இரு முகங்களையும் அதனால் எழுப்பி, இடையில் உள்ள வெளியை உள்ளூர்க் கல்லும் சாந்தும் கொட்டி நிரப்பினார்கள். மடாலயம் மூடப்பட்ட பின், விலை போகக்கூடிய அந்தச் செதுக்கிய கல்லை ஊரார் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்று நாம் பார்ப்பது உள்ளே கொட்டிய நிரப்பு மட்டுமே. எவர் கண்ணிலும் படக்கூடாது என்று கட்டியவர்கள் மூடி வைத்த பகுதிதான் நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. அது முடிக்காத வேலை போலத் தோன்றுவதில் வியப்பில்லை.

கேம்பிரிட்ஜிலிருந்து ரயிலில் சுமார் முக்கால் மணி நேரத்தில் இந்த ஊருக்கு வந்துவிடலாம். ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்தால் ஊர்ப் பெயரின் முதற்பாதி ‘புதைத்தல்’ என்று பொருள்படுவது போல் இருக்கும். உள்ளூரில் ‘பெரி’ என்றுதான் சொல்கிறார்கள், அதற்குக் கோட்டை அல்லது அரண் சூழ்ந்த ஊர் என்று பொருள். பிற்பாதி, கிழக்கு ஆங்கிலியாவின் அரசனாக இருந்து, பின்னர் புனிதராக வணங்கப்பட்ட எட்மண்டின் பெயர். 869ஆம் ஆண்டில் டேனிய (டென்மார்க்) படைகள் அவனைக் கொன்றன. அம்புகளால் துளைத்துத் தலையை வெட்டிக் காட்டில் எறிந்தார்கள் என்றும், தேடிப் போனவர்களுக்கு ஓர் ஓநாய் அந்தத் தலையைக் காவல் காத்துக்கொண்டிருந்தது தெரிந்தது என்றும் கதை. அவன் உடல் பத்தாம் நூற்றாண்டில் இந்த ஊருக்குக் கொண்டுவரப்பட்டது. 1020இல் இங்கிருந்த பாதிரிமாரை நீக்கிவிட்டு இருபது பெனடிக்டின் துறவிகளைக் குடியமர்த்தியவன் கனூட் மன்னன். அவனும் ஒரு டேனியன். கொன்றவர்களின் வழிவந்தவனே கொல்லப்பட்டவனுக்குக் கோயில் எடுப்பித்திருக்கிறான். பக்தியா, பரிகாரமா, வென்ற நாட்டு மக்களின் மனத்தைப் பிடிக்கும் அரசியலா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. மூன்றும் கலந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்று எஞ்சியிருக்கும் கட்டடம் கனூட் காலத்தது அன்று. பிரான்சின் செயின்ட் டெனி மடத்திலிருந்து வந்தவரும் மருத்துவருமான பால்ட்வின் என்ற மடாதிபதி, நார்மன் படையெடுப்புக்குப் பின் 1080களில் தொடங்கிய பேராலயம் அது. பீட்டர்பரோ மடாலயத்துக்குச் சொந்தமான பார்னக் கல்குவாரியிலிருந்து கல் எடுத்துக்கொள்ள அரசன் வில்லியமே ஆணை கொடுத்தான். சதுப்பு நிலத்து நீர்வழிகளில் படகேறி அந்தக் கல் வந்தது. 1095இல் எட்மண்டின் உடலைப் புதிய கோயிலுக்கு மாற்றும் அளவுக்குக் கீழைப்பகுதி முடிந்துவிட்டது. மேற்கு முகப்பு வரை கட்டி முடிக்க அதற்குமேல் நூறாண்டு ஆயிற்று. முடிந்தபோது நீளம் 150 மீட்டரைத் தாண்டியது. மேற்கு முகப்பின் அகலம் மட்டும் சுமார் 75 மீட்டர். ஐரோப்பாவின் மிகப் பெரிய ஆலயங்களில் ஒன்று என்று அதைச் சொல்வதில் மிகையில்லை.

பால்ட்வின் கோயிலோடு ஓர் ஊரையும் கட்டினார். மேற்கு வாசலுக்கு நேர் எதிரே ஒரு தெருவைப் போட்டு, அதற்கு இணையாகவும் குறுக்காகவும் மற்றத் தெருக்களைக் கட்டம் கட்டமாக வகுத்தார். அந்த நேர்தெரு இன்றும் சர்ச்கேட் தெரு என்ற பெயரில் இருக்கிறது. 1086இல் வில்லியம் எடுத்த நிலக் கணக்கில், முந்தைய அரசன் காலத்தில் உழவு நடந்த மடாலய நிலத்தில் இப்போது 342 வீடுகள் நிற்பதாக எழுதியிருக்கிறார்கள். ரொட்டி சுடுபவர்களும், பியர் வடிப்பவர்களும், தையற்காரர்களும், துணி வெளுப்பவர்களும், சமையற்காரர்களும் அந்த வீடுகளில் குடியேறினார்கள். அத்தனை பேரும் நாள்தோறும் புனிதருக்கும், மடாதிபதிக்கும், துறவிகளுக்கும் பணி செய்பவர்கள் என்று அந்தக் கணக்கு குறிப்பிடுகிறது. இந்த ஊரின் பிற்கால வரலாறு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்திலிருந்து கிளம்பியதுதான். நிலம், சந்தைச் சுங்கம், வழக்கு மன்றம், ஊர் வாசல்களின் காவல் என எல்லாமே மடத்தின் கையில் இருந்தன. ஊர் மடத்தால் பிறந்தது; மடத்தை விட்டு வெளியேற முடியாமல் ஐந்நூறு ஆண்டுகள் தவித்தது.

சர்ச்கேட் தெருவில் இறங்கி வந்தால் முதலில் எதிர்ப்படுவது நார்மன் கோபுரம். 1120க்கும் 1148க்கும் இடையே ஆன்செல்ம் என்ற மடாதிபதி எழுப்பிய வாசற்கோபுரம் அது. செதுக்கிய கல் உரிக்கப்படாமல் முழுதாக நிற்கிறது. காரணம் எளிது: பக்கத்திலுள்ள செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்துக்கு அது மணிக்கூண்டாகப் பயன்பட்டது, இன்றும் பயன்படுகிறது. அந்தத் தேவாலயம் 1914இல் பேராலய அந்தஸ்து பெற்று, 2005இல் தன் சொந்தக் கோபுரத்தையும் கட்டி முடித்துவிட்ட பிறகும், மணிகள் பழைய கோபுரத்தில்தான் தொங்குகின்றன. பயன் இருந்த கட்டடம் பிழைத்தது, பயன் தீர்ந்த கட்டடம் கல்லாகிப் போனது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

கோபுரத்தைக் கடந்து உள்ளே போனால் வலப்புறத்துப் பழைய கல்லறைத் தோட்டத்தை ஒட்டி மேற்கு முகப்பின் எச்சம் இருக்கிறது. நான் பார்த்த இடிபாடுகளிலேயே விசித்திரமானது இது. ஒரு காலத்தில் ஹூகோ என்ற கலைஞர் வார்த்த வெண்கலக் கதவுகள் நின்ற முகப்பு. அதே ஹூகோ இந்த மடத்துக்காகத் தீட்டிய வேதாகமம் கேம்பிரிட்ஜில் இன்றும் இருக்கிறது. அதன் படங்களுக்கு ஏற்ற கன்றுத்தோல் இங்கே கிடைக்காமல் ஸ்காட்லாந்துப் பக்கத்திலிருந்து வாங்கினாராம். கதவுகள் எங்கே போயின என்று கேட்க வேண்டியதில்லை; உலோகம் உருகும். முகப்பின் பிரம்மாண்டமான வளைவுகளுக்குள்ளே, பதினேழாம் நூற்றாண்டிலிருந்து, ஊரார் வீடு கட்டிக்கொண்டார்கள். புற்றுப் போன்ற அந்தக் கல்திரளின் இடுக்குகளில் வெள்ளைச் சட்டம் போட்ட சன்னல்களும், செங்கல் புகைபோக்கிகளும், திரைச்சீலைகளும் தெரிகின்றன. வாடகைக்கும் சொந்தத்துக்கும் ஆட்கள் வசிக்கும் வீடுகள் அவை. இடிபாட்டைப் பாதுகாப்பது பற்றிப் பேசும் அதிகாரிகளுக்கு இது தலைவலியாக இருக்கலாம். எனக்கோ, மற்ற எல்லாப் பகுதிகளையும்விட இதுவே உண்மையான நினைவுச்சின்னமாகப் பட்டது.

இந்தச் சுவர்களுக்குள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது நமக்கு வழக்கத்துக்கு மீறிய நுணுக்கத்தோடு தெரியும். பிரேக்லண்டைச் சேர்ந்த ஜோசலின் என்ற துறவி 1173இல் இங்கே சேர்ந்து, அன்று முதல் 1202 வரை நடந்ததை லத்தீனில் எழுதி வைத்தார். மடத்து வரலாறுகள் பெரும்பாலும் தானப் பட்டியலும் அற்புதப் பட்டியலுமாக இருக்கும். ஜோசலின் வம்பு எழுதினார். யார் யாரைப் பற்றி என்ன முணுமுணுத்தார், எந்தத் துறவி கடன் பத்திரத்தில் ரகசியமாக முத்திரை குத்தினார், அடுத்த தலைவர் யார் என்று, உடல்நலத்துக்காக இரத்தம் குத்தி எடுத்துக்கொண்டு ஓய்வில் இருந்த நாட்களில் என்ன ஊகம் பேசிக்கொண்டார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பழைய தலைவர் ஹியூ காலத்தில் வாங்கிய நாற்பது மார்க் (ஒரு மார்க் என்பது மூன்றில் இரண்டு பவுன்) கடன் வட்டியேறி நூறு பவுனாக நின்ற கணக்கையும் அவர் மறைக்கவில்லை.

1182இல் புதிய தலைவரானவர் சாம்சன். நாற்பத்தேழு வயது, நடுத்தர உயரம், ஏறத்தாழ முழு வழுக்கை, நீண்ட மூக்கு, தடித்த உதடு, நரை கலந்த செந்நிறத் தாடி என்று ஜோசலின் ஒரு முகத்தைத் தீட்டிக் காட்டுகிறார். பாலும் தேனும் போன்ற இனிப்புகள் மற்ற எந்த உணவைவிடவும் அவருக்குப் பிடிக்குமாம். நார்ஃபோக் பேச்சுவழக்கில்தான் மக்களுக்குப் பிரசங்கம் செய்வாராம். அது அவர் பிறந்து வளர்ந்த இடத்தின் பேச்சு. மடத்துக்கு வரவேண்டிய வரவுகளையெல்லாம் ஓர் ஏட்டில் எழுதச் செய்து, கண்ணாடியில் முகம் பார்ப்பது போல நாள்தோறும் அதைப் புரட்டுவாராம். பன்னிரண்டு ஆண்டுகளில் கடனைத் தீர்த்தார். முகப்பின் தென்கோடியில் எண்கோணமாக நிற்கும் பகுதிக்குச் சாம்சன் கோபுரம் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது.

ஆனால் ஜோசலினின் ஏட்டில் என்னை நிறுத்திய பக்கங்கள் சாம்சனைப் பற்றியவை அல்ல. உக்கிராணத் துறவி ஊரில் செய்த வசூலைப் பற்றியவை. அறுவடைக் காலத்தில் மடத்து வயலில் வந்து கதிர் அறுக்க வேண்டிய கடமைக்குப் பதிலாக, ஒவ்வொரு வீடும் ஒரு பென்னி கொடுக்க வேண்டும். வசதியானவர்கள் எப்படியோ தப்பித்துக்கொள்ள, ஏழைகளின் தலையில் அது விடிந்தது. பென்னி கொடுக்காத வீட்டிலிருந்து உக்கிராணத்து ஆட்கள் முக்காலியையோ, பானையையோ, சில வேளைகளில் கதவையோ பெயர்த்துத் தூக்கிப் போவார்கள். கிழவிகள் நூல் நூற்கும் கோலை ஓங்கிக்கொண்டு வெளியே வந்து அவர்களை ஏசுவார்கள். கடைசியில் இந்தத் தொல்லை வேண்டாம் என்று, ஊர் சார்பில் ஆண்டுக்கு இருபது ஷில்லிங் கொடுத்துவிடுவதாக முடிவாயிற்று. வீட்டுக் கதவை மடம் பெயர்த்துக்கொண்டு போன காட்சியை இந்த ஊர் அத்தனை சுலபமாக மறந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பின்னாளில் மடத்தின் கல்லை ஊரார் பெயர்த்ததற்கு அதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். முந்நூற்றைம்பது ஆண்டு இடைவெளி அது. எனினும் பெயர்ப்பது என்ற பழக்கம் அங்கே எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

காற்றாலைக் கதையும் அதே வகை. ஹெர்பர்ட் என்ற டீன் (திருச்சபை அதிகாரி) தன் நிலத்தில் ஒரு காற்றாலை எழுப்பினார். 1191இல் நடந்தது, ஐரோப்பாவில் காற்றாலை பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று இது. மடத்து ஆலைகளுக்கு வரும் வருமானம் குறையுமே என்று சாம்சன் கொதித்தார். அது இடிக்கப்படும்வரை ரொட்டி தின்ன மாட்டேன் என்று சூளுரைத்தார். காற்று எல்லாருக்கும் பொதுதானே, என் தானியத்தை மட்டுமே அரைக்கப் போகிறேன் என்று ஹெர்பர்ட் பணிந்து சொன்னார். பலிக்கவில்லை. மடத்து ஆட்கள் வந்து இடிப்பதற்கு முன் அவரே அதைப் பிரித்துவிட்டார். வந்தவர்களுக்கு இடிக்க ஒன்றும் மிச்சமில்லை. ஜோசலின் இதைச் சாம்சனின் உறுதிக்குச் சான்றாக எழுதுகிறார். படிக்கும் நமக்குப் பிடித்துப்போவது ஹெர்பர்டைத்தான்.

சிரிக்க முடியாத பக்கமும் உண்டு. 1190ஆம் ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று இந்த ஊரில் 57 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டில் சாம்சன் அரசனிடம் அனுமதி வாங்கி, எஞ்சிய யூதர்களை ஆயுதக் காவலோடு ஊரை விட்டு அனுப்பினார். மில்டன்ஹால் பண்ணையை மீட்டதையும் யூதர்களை வெளியேற்றியதையும் ஒரே மூச்சில், தலைவரின் பெருந்தகைமைக்கு அடையாளங்களாக ஜோசலின் வரிசைப்படுத்துகிறார். இதை எழுதியவரும், கிழவிகளின் கோபத்தை அவ்வளவு உயிரோடு எழுதியவரும் ஒருவர்தான். அவருடைய எழுத்தின் மீது எனக்கிருந்த செல்லத்தை அந்த வரி குறைத்துவிட்டது. மடாலயத் தோட்டத்தில் இப்போது கண்ணீர்த்துளி வடிவில் ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. இனப்படுகொலைகளில் இறந்தவர்களோடு சேர்த்து இந்த 57 பேருக்கும் உரியது.

புனிதரின் பேழை இருந்த இடத்துக்கு இன்று நேராக நடந்து போகலாம். கீழைக்கோடியில் நிலவறை இருந்த பகுதியை 1950களின் பிற்பகுதியிலும் 60களின் தொடக்கத்திலும் தோண்டி வெளிக்கொணர்ந்தார்கள். புல்தரையிலிருந்து சில அடி தாழ்வாக, அரைவட்டமாக வரிசையில் நிற்கும் தூண் அடிகளுக்கு நடுவே நிற்கும்போது, தலைக்கு மேல் இருந்த தளத்தில்தான் 1198 அக்டோபரில் தீப்பிடித்தது என்று நினைத்துக்கொண்டேன். பேழைக்கும் பலிபீடத்துக்கும் இடையில் இருந்த மரப்பலகையில் காவலர்கள் மெழுகுவர்த்திகளை அலட்சியமாக ஒட்டி வைப்பார்கள். பலகைக்கு அடியில் நூலும் மெழுகும் அடைத்து வைத்திருந்தார்கள். இரவில் ஒரு திரி விழுந்து எல்லாம் பற்றிக்கொண்டது. நீர்க் கடிகாரம் வைகறைச் செபத்துக்கு மணி அடிக்க, எழுந்து வந்த துறவி தீயைக் கண்டு ஓலமிட்டார். சிலர் கிணற்றுக்கு ஓடினார்கள், சிலர் கடிகாரத்துக்கு ஓடினார்கள், அதில் தண்ணீர் இருக்குமே என்று. சிலர் தலைமுக்காட்டைக் கழற்றி அடித்து அணைத்தார்கள். பொழுது விடிவதற்குள் பொற்கொல்லரை வரவழைத்து, பெயர்ந்த வெள்ளித் தகடுகளை ஒட்டி, கரித்தடம் தெரியாமல் துடைத்து வைத்தும் பயனில்லை. காலையில் வந்த யாத்திரிகர்கள், தீ எங்கே பிடித்தது என்று கேட்டுக்கொண்டேதான் வந்தார்கள். புனிதரின் தலையே எரிந்துவிட்டது என்று சிலரும், முடி மட்டும் பொசுங்கியது என்று சிலரும் பேசிக்கொண்டார்கள்.

ஊரில் இல்லாதிருந்த சாம்சன் திரும்பி வந்து, அடுத்த மாதம் ஓர் இரவில் தாம் தேர்ந்தெடுத்த சிலரை மட்டும் வைத்துக்கொண்டு பேழையைத் திறந்தார். உடலின் கண்களையும் மூக்கையும் தொட்டுப் பார்த்தார். அழைக்கப்படாத துறவி ஒருவர் கூரை உத்தரத்தில் ஏறி உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டார் என்று ஜோசலின் சேர்த்துக்கொள்கிறார். அந்த உத்தரம், கூரை, தளம், பேழை எதுவும் இப்போது இல்லை. கீழே தூண் அடிகள் இருக்கின்றன, அவ்வளவுதான்.

பதினான்காம் நூற்றாண்டில் முக்காலியும் நூற்கோலும் போய்க் கத்தியும் கோடரியும் வந்தன. 1327 சனவரியில் ஊரார் மடத்துக்குள் புகுந்து கொள்ளையடித்து, தங்கள் ஊரைத் தாங்களே ஆளும் உரிமைப் பத்திரத்தை மிரட்டி எழுதி வாங்கினார்கள். அவ்வாண்டு முழுவதும் மோதல் ஓயவில்லை. மடத்தின் பெரிய வாசல் அழிந்தது. அதைத் தொடர்ந்த காலத்தில் மடாதிபதியைக் கடத்திக் கடல் கடந்து பிரபாண்ட் நாட்டின் டீஸ்ட் நகருக்குக் கொண்டுபோனார்கள். ஒப்பந்தம் ஏற்பட்ட பின் துறவிகள் புதிய வாசலைக் கட்டினார்கள். இன்று ஏஞ்சல் ஹில் சதுக்கத்திலிருந்து தோட்டத்துக்குள் நுழைகிறவர்கள் எல்லாரும் படம் எடுத்துக்கொள்வது அந்த வாசலைத்தான். வெளிமுகத்தில் நிறையச் சிற்ப மாடங்கள். பார்க்க அலங்காரமாக இருக்கிறது. உள்ளே நின்று மேலே பார்த்தால் கிராதிக் கதவு இறங்குவதற்கான காடி தெரியும். சிலைகள் நின்ற மாடங்களின் பின்னே அம்பெய்யும் துளைகள் இருக்கின்றன. புனிதர்களின் முதுகுக்குப் பின்னால் வில்லாளிகள் நின்றிருக்கிறார்கள்.

1381இன் விவசாயிகள் கிளர்ச்சியில் அந்த வாசலும் உதவவில்லை. மடத்தின் துணைத்தலைவர் ஜான் கேம்பிரிட்ஜும், தலைமை நீதிபதி ஜான் கேவண்டிஷும் தலை துண்டிக்கப்பட்டார்கள். இருவரும் உயிரோடிருந்தபோது நண்பர்கள் என்பதால், ஈட்டியில் குத்திய தலைகளை ஒன்றோடொன்று ரகசியம் பேசுவது போலவும் முத்தமிடுவது போலவும் ஆட்டிக் காட்டியது கூட்டம். கூட்டத்தின் கொடூரத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் துறவிகள்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் இதைப் படிக்க வேண்டும். ஆனாலும் படித்த பின் வாசலின் கீழ் நடந்து போவது முன்போல் இல்லை.

அடுத்த நூற்றாண்டின் விபத்துகளை வேகமாகக் கடந்துவிடலாம். 1430லும் 1431லும் மேற்குக் கோபுரம் பகுதி பகுதியாகச் சரிந்தது. 1465இல் கூரை எரிந்தது. ஒவ்வொரு முறையும் மடம் பணம் திரட்டி மீண்டும் கட்டிக்கொண்டது. ஆகவே இயற்கையும் தீயும் காலமும் இந்தக் கட்டடத்தை அழித்துவிட்டன என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அழித்தது ஓர் அரசாணை. நாட்டின் மடாலயங்களையெல்லாம் மூடிய எட்டாம் ஹென்றி மன்னன் அனுப்பிய ஆய்வாளர்கள் 1535இல் இங்கே வந்து, புனித லாரன்ஸை வாட்டிய நெருப்புக் கரி, எட்மண்டின் நகத் துண்டுகள், கேண்டர்பரி தாமஸின் பேனாக்கத்தியும் காலணியும் என்று இங்கிருந்த திருப்பண்டங்களைக் கேலியாகப் பட்டியலிட்டார்கள். 1538இல் வந்தவர்கள் பேழையைக் குலைத்தார்கள். குலைப்பதற்கு மிகவும் சிரமமாக இருந்ததாகவும், பொன்னும் வெள்ளியுமாக ஐயாயிரம் மார்க்குக்கு மேல் எடுத்துக்கொண்டதாகவும் மேலிடத்துக்கு எழுதினார்கள். அக்கடிதத்தின் தொனி ஒரு கட்டட ஒப்பந்தக்காரருடையது. 1539 நவம்பர் 4ஆம் நாள் மடம் ஒப்படைக்கப்பட்டது. கடைசித் தலைவர் ஜான் ரீவுக்கு ஆண்டுக்கு ஐந்நூறு மார்க் ஓய்வூதியம் குறித்தார்கள். அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட்டார். அரசனின் சொந்தத் தங்கை மேரி இந்த ஆலயத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டிருந்தாள். அவள் உடலை மட்டும் பக்கத்துச் செயின்ட் மேரி தேவாலயத்துக்கு மாற்றினார்கள்.

கூரையின் ஈயம் முதலில் போயிற்று. ஈயம் போன கூரை மழையைத் தாங்காது; பிறகு மரம், பிறகு கல். 1560இல் அரசு அந்த இடத்தை நானூற்றுச் சொச்சம் பவுனுக்கு ஜான் அயர் என்பவருக்கு விற்றது. (பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது.) ஊரார் அந்தக் கல்லைத் தங்கள் வீடுகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். பழைய தெருக்களில் கொஞ்சம் கவனித்து நடந்தால், சிக்கிமுக்கிச் சுவர்களின் மூலைகளிலும் நடுவிலும் வெளிர் நிறச் செதுக்குக்கல் ஒன்று பொருத்தமில்லாமல் பதிந்திருப்பதைப் பார்க்கலாம். வெறுப்பால் எடுத்தார்களா என்றால், பெரும்பாலும் இல்லை என்றே நினைக்கிறேன். கல் கிடைக்காத ஊரில், முந்நூறு ஆண்டுகள் படகில் வந்து குவிந்த நல்ல கல் கேட்பாரற்று நின்றது; கட்டுகிறவன் எடுக்காமல் என்ன செய்வான்? வருத்தப்பட யாரும் இல்லை என்பதற்குத்தான் அந்தப் பழைய பகை காரணம். ஊருக்குத் தன்னாட்சிப் பத்திரம் 1606இல்தான் கிடைத்தது. மடம் போய் அறுபத்தேழு ஆண்டுகள் கழித்து.

1831இல் நத்தானியேல் ஹாட்சன் என்பவர் மடத்தின் பெரிய முற்றத்தில் தாவரத் தோட்டம் அமைத்தார். இப்போது உள்ளூர் நிர்வாகத்தின் பூந்தோட்டமாக அது இருக்கிறது. வட்டப் பாத்திகளில் பருவத்துக்குப் பருவம் பூ மாற்றுகிறார்கள். கட்டணம் கிடையாது. இடிபாடுகள் தேசியப் பாரம்பரியச் சின்னமாகக் காக்கப்படுகின்றன. காக்கும் வேலை பெரும்பாலும் சாந்து பூசும் வேலைதான். தோல் உரிந்த நிரப்புக்குள் மழைநீர் இறங்கி உறைபனியில் விரிந்தால் கற்கள் உதிரும். ஆகவே மேல்விளிம்பை மூடி, மூட்டுகளில் புதிய சுண்ணாம்புச் சாந்து அடைத்து, இருப்பதை இருந்தபடி நிறுத்தி வைக்கிறார்கள். உரித்த கல்லைத் திரும்ப ஒட்டுவதில்லை. எனக்கு இதில் முழு உடன்பாடு. அந்த முண்டு முடிச்சு முகம்தான் இந்த மடத்தின் வரலாற்றுக்குப் பொருத்தமான முகம்.

ஒரு தூணில் பதித்திருக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டோடுதான் எனக்கு உடன்பாடில்லை. 1214 நவம்பர் 20ஆம் நாள், மாக்னா கார்ட்டா என்ற உரிமைப் பத்திரத்தை ஜான் மன்னனிடமிருந்து பெற்றே தீருவோம் என்று பிரபுக்கள் இந்த இடத்துக்கு அருகே சத்தியம் செய்தார்கள் என்று அது அறிவிக்கிறது. பிற்காலத்தில் எழுதிய ஒரே ஒரு வரலாற்றாளரின் கூற்றை வைத்துச் சொல்வது அது. ஊரோ, அரசனின் திருத்தலம், சட்டத்தின் தொட்டில் என்று அதைத் தன் இலச்சினை வாசகத்திலேயே சேர்த்துக்கொண்டது. சொந்த உரிமைப் பத்திரத்துக்காக மூன்று நூற்றாண்டுகள் அடிபட்ட ஊர், பிரபுக்கள் கேட்ட பத்திரத்துக்குக் கல்வெட்டு வைத்திருக்கிறது.

எட்மண்டின் உடல் எங்கே என்பதற்கு விடை இல்லை. 1217இல் பிரெஞ்சுப் படை திருடிக்கொண்டு போய்விட்டது என்று ஒரு கதை உண்டு. அதை நம்பி 1901இல் துலூஸிலிருந்து எலும்புகளை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள். அறிஞர்கள் எதிர்த்தார்கள். அவர்களில் ஒருவர் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்த எம். ஆர். ஜேம்ஸ்; பேய்க்கதை எழுதியவராக அவரைப் பலருக்குத் தெரியும். மடாதிபதிகள் எங்கெங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள் என்ற குறிப்பை ஒரு பழைய கையெழுத்துப் பிரதியில் அவர் கண்டுபிடித்துச் சொல்ல, 1902–03இல் சபைக்கூடத்தின் தரையைத் தோண்டினார்கள். சொன்ன இடத்தில் கல்லறைகள் இருந்தன. சாம்சனுடையதும் அவற்றில் ஒன்று. எட்மண்டோ, துறவிகளின் இடுகாட்டில், பின்னாளில் டென்னிஸ் ஆடுகளங்கள் போட்ட மண்ணுக்குக் கீழே ரகசியமாகப் புதைக்கப்பட்டிருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள்.

மகனோடு போன அன்று மாலை ரயிலில் திரும்பும்போது, அவன் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு சிக்கிமுக்கிக் கல்லை எடுத்து சன்னலோரம் வைத்தான். முட்டையளவு இருக்கும், ஒரு பக்கம் வெள்ளைப் பொருக்கு, உடைந்த பக்கம் கறுத்துப் பளபளத்தது. சுவரிலிருந்து எடுத்தாயா என்று அதட்டினேன். “தரையிலதான் கிடந்துச்சு” என்றான். தூணிலிருந்து உதிர்ந்ததா, தோட்டத்துப் பாதையில் கொட்டிய சரளையா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சாந்து ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் சுரண்டியும் பார்த்தேன். ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. வெளியே உழுது போட்ட வயல்களில், நியூமார்க்கெட் வரைக்கும், அதே போன்ற கற்கள் மண்ணுக்கு மேலே வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன.